வகாண்டா ஃபொரெவர்: தோட்டம் எரியிற அந்த ரெண்டு நிமிசம்

ஏழாம்நம்பர்மலை
5 பெப்ரவரி 2023

பிளாக் பந்தரோட ரெண்டாம் படம் நவம்பர்லயே வந்துருச்சு, நான் இப்பதான் பாத்தேன். ஹட்டன்லேர்ந்து கொழும்பு போற பஸ் காசு, டிக்கட் காசு, ராத்திரி எங்க தங்குறதுங்கிற கதை எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டு அப்ப விட்டுட்டேன். தம்பி இப்ப பென்ல கொண்டாந்தான். முழுக் கதையும் சொல்லித்தான் பேசப் போறேன், பாக்காதவங்க இதோட திரும்பிக்குங்க.

எல்லாரும் இத, முதல் படத்துல வகாண்டா ராசா டிசல்லாவா நடிச்ச சாட்விக் போஸ்மனுக்கு வச்ச ஒப்பாரின்னுதான் எழுதுறாங்க. சரிதான். 2020 ஓகஸ்ட்ல அந்த மனுசன் செத்தப்ப 43 வயசுதான். நாலு வருசமா கேன்சர வெளிய சொல்லாம வச்சிருந்து நடிச்சிருக்காரு. ஆனா என்னைய புடிச்சு உலுக்குனது அது இல்ல. கடலடி சனத்தோட ராசா நமோர், டிசல்லாவோட தங்கச்சி ஷூரிக்கு தன் கதைய சொல்ற எடம்.

பதினாறாம் நூற்றாண்டு, யுகட்டான். ஸ்பெயின்காரன் வந்துட்டான், கூடவே அம்மையும் வந்துருச்சு. சனம் ஒரு செடியோட சாறக் குடிச்சு உசிரு பொழைக்குது, ஆனா அதுக்கப்புறம் தரையில மூச்சு விட முடியல. கடலுக்குள்ள போயி புதுசா ஒரு ஊரு கட்டுறாங்க. வருசம் ஓடுது. தாய் சாகுற நேரம் மகன்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு: நான் பொறந்த மண்ணுல என்னைய பொதைக்கணும். பொடியன், அவன்தான் நமோர், மேல வந்து பாக்குறான். அம்மா சொன்ன மண்ணு இப்ப ஒருத்தனோட தோட்டம். பெரிய வீடு ஒரு பக்கம், அவன் சனத்தோட குனிஞ்ச முதுகு ஒரு பக்கம், சாட்டையோட நிக்கிற ஆளு நடுவுல. எரிச்சுப் போட்டுட்டுத்தான் அம்மாவ பொதைக்கிறான்.

ரெண்டு நிமிசம் இருக்குமோ என்னமோ. சூப்பர்ஹீரோ படங்கள்ல நியூயோர்க்க எத்தனை தடவை இடிச்சாங்கன்னு கணக்கு கெடையாது. ஒருத்தன் தோட்டத்த எரிச்சு நான் பாத்ததில்ல. பறக்கத் தெரிஞ்சவன் பறந்து வந்து முதல்ல பாக்குறதே கூலி வேல செய்ற சனத்த. படத்த நிப்பாட்டிட்டு வெளிய போயி நின்னுட்டுத்தான் வந்தேன்.

அதுக்கப்புறம்தான் எரிச்சல். இவ்வளவு பெரிய நியாயத்த கையில குடுத்த ஆளையே வகாண்டா தலைநகர மூழ்கடிக்க வைக்கிறாங்க. ஷூரியோட அம்மா ராணி ரமொண்டாவ சாகடிக்கிறாங்க. எதுக்கு? நாம அவன வெறுக்கணும். ஆரம்பத்துல வகாண்டாவோட வைப்ரேனியம்ங்கிற உலோகத்த திருட வந்தது யாரு? பிரெஞ்சுக்காரன் அனுப்புன கூலிப்படை. அதத் தேடி கடல்ல மெஷின் எறக்குனது? அமெரிக்காக்காரன். கடைசில கப்பல்ல அடிச்சுக்கிட்டு சாகுறது யாரு? கடல்சனமும் வகாண்டாக்காரங்களும். ஒரே தோட்டத்துல ரெண்டு யூனியன் அடிச்சுக்க, கம்பெனிக்காரன் பங்களா விறாந்தையில தேத்தண்ணி குடிச்ச மாதிரி. மெஷின் எறக்கச் சொன்னவன் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல.

சொல்லுங்க, எனக்கு மட்டும்தான் இப்படியா?


கொமிக்ஸ்கிறுக்கன் (பண்டாரவளை)
5 பெப்ரவரி 2023

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பாதிக்கு மேல ஒத்துக்க மாட்டேன்.

நமோர இவங்க கெட்டவனா மாத்தல. 1939ல பில் எவரெட் உருவாக்குனப்பவே அவன் அப்படித்தான். மார்வல்ங்கிற கம்பெனிப் பேரு வர்றதுக்கு முந்துன ஆளு அவன். பழைய இதழ்கள்லயே நியூயோர்க்க வெள்ளத்துல விட்டிருக்கான், அப்புறம் அதே அமெரிக்காவோட சேந்து நாசிக்காரங்களையும் அடிச்சிருக்கான். யாருக்கும் அடங்காதவன், அதுதான் அவனோட அழகு. வகாண்டாவ தண்ணில மூழ்கடிச்சதும் புதுசு இல்ல, 2012ல வந்த அவெஞ்சர்ஸ் எக்ஸ்மென் சண்டைக் கதையில அத செஞ்சுட்டான். பிளாக் பந்தர் வாசகனுக்கு அந்த வெள்ளம் தெரிஞ்ச வெள்ளம்.

டைரக்டர் கூக்லர் புதுசா செஞ்சது என்னான்னா, கொமிக்ஸ்ல நமோரோட ஊரான அட்லாண்டிஸ தூக்கிக் கடாசிட்டு மாயா சனத்த கொண்டாந்தது. கொமிக்ஸ்ல நமோரோட அப்பன் ஒரு அமெரிக்கக் கப்பல் கெப்டன். படத்துல அந்த வெள்ளைக்கார அப்பனே இல்ல. நீங்க சொல்ற தோட்டக் காட்சி கொமிக்ஸ்ல எங்க தேடுனாலும் கெடைக்காது, அது முழுக்க இந்த மனுசன் போட்டது. அதுக்கு நன்றி சொல்லாம மிச்சத்துக்கு சண்டை புடிக்கிறீங்களே.


ராகலைரசிகை
5 பெப்ரவரி 2023

தம்பி எழுதுனத படிச்சேன். தோட்டம் எரிஞ்சப்ப எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒப்பாரிய ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க, அதான் எழுத வந்தேன்.

முதல் காட்சி என்னா? தங்கச்சிக்காரி லேப்புல மருந்து செஞ்சுக்கிட்டிருக்கா. அண்ணன் வேற அறையில. அவன் முகத்த ஒருக்கா கூட காட்டல. இவ கம்பியூட்டர பாத்து எத்தனை வீதம் சரிவரும்னு கேட்டுக்கிட்டிருக்கா, அம்மா வந்து போயிட்டான்னு சொல்றாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மார்வல் பேரு வருது, எப்பவும் வர்ற அந்தப் பாட்டு இல்ல, சத்தமே இல்ல, போஸ்மனோட படங்கள் மட்டும்.

போன வருசம் மருந்து தட்டுப்பாட்டு நேரம் எங்கப்பா வார்டுல, நான் டவுன்ல ஒவ்வொரு பார்மசியா ஏறி எறங்கிக்கிட்டிருந்தேன். மருந்து கெடைச்சுது. கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பக்கத்துல இருந்திருக்கலாமேன்னு சனம் சொன்னப்ப எல்லாம் எனக்கு அடிக்கணும் போல இருந்துச்சு. ஷூரி ஒரு வருசம் கழிச்சும் சாவுக்குக் கட்டுன அந்த வெள்ளைத் துணிய எரிக்க மாட்டேங்கிறா பாருங்க, அந்த கோவம் எனக்கு நல்லா புரியும். அம்மாக்காரி காத்துல அவன் இருக்கான்னு சொல்றாங்க. மக அதெல்லாம் மூளை செய்ற வேலைன்னு சொல்றா. ரெண்டு பேரும் அவன நெனைச்சுத்தான் பேசுறாங்க, ரெண்டும் வேற வேற பாசை.

அந்த செத்தவூட்டு ஊர்வலத்துல எல்லாரும் வெள்ளையில ஆடிக்கிட்டே பெட்டிய கொண்டு போறாங்க. தப்பு அடிச்சு தேர் கட்டி ஆடிக்கிட்டே எடுத்துட்டுப் போற நமக்கு அது ஒண்ணும் விசித்திரம் இல்ல. என்கூட பாத்த கொழும்பு சிநேகிதிதான் ஏன் ஆடுறாங்கன்னு கேட்டா.


கொழும்பு13
6 பெப்ரவரி 2023

161 நிமிசம் மச்சான். நூத்தி அறுபத்தி ஒண்ணு. எல்லாரும் அழுதுட்டு வாங்க, நான் கன்டீன் பக்கம் நிக்கிறேன்.

அந்த மெஷின செஞ்ச அமெரிக்க ஸ்டூடன்ட் ரிரி வில்லியம்ஸ் பொண்ணு எதுக்கு இந்தப் படத்துல? அவளுக்கு தனி சீரிஸ் வருதாம், அதுக்கு வெளம்பரம். சாவு வீட்டுல வந்து லீஃப்லெட் குடுக்குற மாதிரி. தலோகன்ங்கிற நமோரோட கடலடி ஊருக்குள்ள போற சீன் இருட்டா இருக்கு. கரண்ட் கட்டுல போன்ல பாத்தவன் நிலமைய யாராவது யோசிச்சாங்களா? சூரியன் மாதிரி ஒண்ண அவன் கடலுக்கடியில செஞ்சு வச்சிருக்கான்னு கதைல சொல்றாங்க, எனக்கு என் மூஞ்சிதான் கண்ணாடியில தெரிஞ்சுது.


தப்புக்காரன்பேரன்
6 பெப்ரவரி 2023

நான் நேரா விசயத்துக்கு வர்றேன். டிசல்லா வேசத்துக்கு வேற ஆளப் போட்டிருக்கணும். போடாதது பெரிய தப்பு.

எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் ஊண்டுவாங்க. தாத்தா தப்படிச்ச காலத்துல காமன் வேசம் கட்டுனவரு ஒருத்தரு, அப்பா காலத்துல வேற, இப்ப வேற பொடியன். வேசம் கட்டுன ஆளு செத்துட்டா அடுத்த மாசிக்கு காமன் வரமாட்டாரா? வேசம் பெருசா ஆளு பெருசா? சிவன் எரிச்ச காமனையே நாம எழுப்புறோம், டிசல்லாவ எழுப்பக் கூடாதா?

பட்மனுக்கு எத்தனை பேரு மாறியாச்சு. ஹல்க்குக்கு எட்வர்ட் நோர்ட்டன் போயி மார்க் ரஃபலோ வந்தாரு, வோர் மெஷினுக்கு டெரன்ஸ் ஹவர்ட் போயி டொன் சீடல் வந்தாரு. ஒருத்தரும் சாமி குத்தம்னு சொல்லல. கறுப்பு ராசா ஒருத்தன் வந்தான், 1966லேர்ந்து கொமிக்ஸ்ல இருந்தவன, ஒரே ஒரு தனிப்படத்தோட சமாதி கட்டிட்டாங்க. சின்னப் புள்ளைங்க யாரு மாதிரி வேசம் போடும்?


ராகலைரசிகை
6 பெப்ரவரி 2023

பேராண்டி, காமன் எரிஞ்சதும் நேரா எழுப்பிருவீங்களா? நடுவுல ரதி ஒருத்தி அழுகுறாளே, அவ எங்க போனா? பனியில சால்வைய போத்திக்கிட்டு விடிய விடிய பொம்பளைங்க உக்காந்திருக்கிறது அந்த அழுகைய கேக்கத்தான். மன்மதன் ஆடுறத பாக்க பொடியன்க, ரதி அழுறத கேக்க நாங்க.

இந்தப் படம் ரதி பாகம். அத ஆடி முடிக்காம அடுத்த ஆள கொண்டாந்து நிப்பாட்டுனா கூத்து கெட்டுப் போகும். நோர்ட்டன் சாகல, சம்பளப் பிரச்சினையோ என்னமோ, வெளிய போனாரு. சாவும் அதுவும் ஒண்ணா?


தப்புக்காரன்பேரன்
6 பெப்ரவரி 2023

அக்கா சொல்றத ஒத்துக்கிறேன், ரதி பாகம் வேணும். ஆனா ரதி பாகத்தோட பந்தல பிரிச்சுட்டுப் போனா யாரு ஒத்துக்குவாங்க? எழுப்பணும் இல்லையா? இவங்க எழுப்பல. எரிச்சுட்டு லைட்ட நிப்பாட்டிட்டாங்க.


கொமிக்ஸ்கிறுக்கன் (பண்டாரவளை)
6 பெப்ரவரி 2023

எழுப்பிட்டாங்க மச்சான்! பேரு ஓடுறதுக்கு நடுவுல ஒரு காட்சி வருதே. ஹெயிட்டி கடற்கரையில ஷூரி கடைசியா அந்தத் துணிய எரிச்சுட்டு உக்காந்திருக்கா, டிசல்லாவோட காதலி நகியா ஒரு சின்னப் பையன கூட்டிட்டு வர்றா. டூசான்னு பேரு. அவனோட இன்னொரு பேரு டிசல்லா. அண்ணன் மகன். நீங்க பாக்கலையா?


தப்புக்காரன்பேரன்
6 பெப்ரவரி 2023

பாக்கல. எனக்கு வந்த கொப்பியில பேரு ஓட ஆரம்பிச்சதுமே வெட்டியிருக்கு. எவன்டா அவன் வெட்டுனவன்.


கொழும்பு13
6 பெப்ரவரி 2023

😂😂 காமன் எழும்புற நேரம் ஜெனரேட்டர் நிண்டுட்டுது.


லிந்துலைக்காரி
7 பெப்ரவரி 2023

ஆம்பளைங்க எல்லாரும் யாரு எரிச்சா யாரு எழும்புனான்னே பேசிக்கிட்டிருக்கீங்க. இந்தப் படம் முழுக்க பொம்பளைங்க நடத்துறது. அதப் பத்தி ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களா?

ரமொண்டா சிம்மாசனத்துல உக்காந்து ஒகோயேவ பதவியிலேர்ந்து தூக்குற எடம். மகன் போயாச்சு, புருசன் போயாச்சு, இப்ப மகளையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா தளபதி. அந்தம்மா கத்துறப்ப அது ராணி இல்ல, வீட்டுல எல்லாரையும் பறிகுடுத்த கெழவி. ஒகோயே அத்தன வருசம் செஞ்ச வேலைக்கு ஒரு நிமிசத்துல கணக்கு முடிஞ்சிருது. அந்தம்மா கேக்குறது நியாயம், செய்றது அநியாயம், ரெண்டும் ஒரே மூச்சுல. ஏஞ்சலா பசட்டுக்கு கோல்டன் குளோப் குடுத்தது இந்த ஒரு காட்சிக்கே தகும். மார்வல் படத்துல நடிச்சு இவ்வளவு பெரிய பரிசு வாங்குன முதல் ஆளு அவங்கதான்.

இன்னொண்ணு. நகியா போயி ஷூரிய மீட்டுட்டு வர்றப்ப காவலுக்கு நின்ன ஒரு தலோகன் பொண்ணு சாகுறா. அந்தச் சாவுக்குத்தான் நமோர் வகாண்டாவுக்கு படையெடுக்குறான். அந்தப் பொண்ணோட பேரு யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. ராணி செத்தா அரை மணித்தியாலம் துக்கம், காவல்காரி செத்தா அடுத்த சீன். பேரு போடாத வேலைய எங்கம்மா நெறைய செஞ்சிருக்காங்க, அதனால எனக்கு அது கண்ணுல பட்டுச்சு.


ஏழாம்நம்பர்மலை
7 பெப்ரவரி 2023

லிந்துலை அக்கா, அந்தக் காவல்காரி விசயம் நான் யோசிக்கவே இல்ல. நான் நமோர் பக்கம் பேசுறதுக்கு இன்னொரு காரணம் குடுத்துட்டீங்க.

கிறுக்கன் அண்ணே, நீங்க சொல்ற கொமிக்ஸ் சரித்திரம் எல்லாம் சரி. 1939ல எழுதுனவங்க அட்லாண்டிஸ் ராசாவ எழுதுனாங்க. அவனுக்கு அடங்காத கோவம் இருந்தா அது ராசா கோவம். தோட்டத்துல சாட்டையடி பாத்தவனுக்கு வர்ற கோவம் வேற. கூக்லர் புதுசா ஒரு வரலாற குடுத்துட்டு பழைய கோவத்தையே விட்டு வச்சுட்டாரு, அதுதான் எனக்கு முட்டுது.

அந்தப் பொதைக்கிற காட்சி ஏன் என்னைய போட்டு வாட்டுச்சுன்னு சொல்றேன். எங்க அம்மாயி பொறந்தது, கொழுந்து எடுத்தது, செத்தது எல்லாம் ஒரே தோட்டம். கூடப் பொறந்தவங்க எல்லாரும் எங்க சனத்த இந்தியாவுக்கு அனுப்புன சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல பேரு வந்து கூடலூர் பக்கம் போயிட்டாங்க. இவுங்க மட்டும் தாத்தாவ விட்டுட்டுப் போகமாட்டேன்னு நின்னுட்டாங்க. தாத்தாவ பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துலயே தன்னைய வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சாகுறப்ப அந்த மூலையில புதுக் கன்னு நட்டிருந்தாங்க. பொதைக்கிறதுக்கும் ஆபீசுல போயி கேக்கணும், கேட்டோம், அங்க முடியாது, ஆத்தோரம் எடம் இருக்கு அங்க வைங்கன்னாங்க. மாமா தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. நாங்க எதையும் எரிக்கல. மண்வெட்டிய எடுத்துக்கிட்டு ஆத்தோரம் போனோம்.

அதான் அந்தப் பொடியன் அம்மாவ தூக்கிட்டு வர்றப்ப நான் வெளிய போயி நின்னேன்.


நைட்மெயில்
8 பெப்ரவரி 2023

தம்பிமார், தங்கைமார் எழுதியதை எல்லாம் வாசித்தேன். என் பேரன் போட்டுக் காட்டித்தான் படம் பார்த்தேன். முதல் படத்தையும் அவனே காட்டினான். தொழிற்சங்கத்தில் காலம் தள்ளியவன் என்பதால் ஏழாம்நம்பர்மலைத் தம்பியின் இரண்டு யூனியன் கதைக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

தோட்டம் எரிவதைப் பார்த்துக் கைதட்டுவது சுலபம். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு யார் வருவார்கள், பேர் யார் போடுவார்கள், அரிசிக்கு என்ன வழி என்று யோசித்துப் பழகியவர்கள் நாங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அவர் உயிரைக் கொடுத்தது சம்பளத்தில் சில சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில். எங்கள் வரலாறு சதக்கணக்கில்தான் நடந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது 2021இல். எத்தனை வருடம் கேட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் தம்பி, படம் அந்த நெருப்பை விட்டு ஓடிவிட்டது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடைசியில் கதை எந்த நாட்டில் போய் நிற்கிறது என்று கவனித்தீர்களா? ஹெயிட்டி. அந்தப் பிள்ளையின் பெயர் டூசான். 1791இல் அடிமைகள் எழுந்து கரும்புத் தோட்டங்களை உண்மையாகவே எரித்த மண் அது. டூசான் லூவர்ச்சர் அந்தப் போரின் தலைவர். 1804இல் சுதந்திர நாடு ஆனார்கள். பிறகு என்ன நடந்தது? 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பலை அனுப்பி, நீங்கள் எரித்த தோட்டத்துக்கும் விடுவித்துக்கொண்ட உங்கள் உடலுக்கும் நட்டஈடு கட்டுங்கள் என்று 15 கோடி பிராங்க் கேட்டது. அடிமையாய் இருந்தவன் எஜமானுக்கு நட்டஈடு! பின்னால் தொகையைக் குறைத்தார்கள், ஆனால் அதற்காக வாங்கிய கடனைக் கட்டி முடிக்க 1947 ஆகிவிட்டது. அடுத்த வருடம் இங்கே நம்மை நாடற்றவர்கள் ஆக்கினார்கள்.

அந்த இயக்குநர் அரசகுமாரனை லண்டனிலோ ஜெனீவாவிலோ வளர்த்திருக்கலாம். தோட்டத்தை எரித்தவர்களின் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போக வைத்திருக்கிறார். எரித்ததோடு கதை முடியாது என்று தெரிந்த ஆள்தான் அப்படிச் செய்வார்.


ஏழாம்நம்பர்மலை
8 பெப்ரவரி 2023

ஐயா, வணக்கம். 15 கோடி பிராங்க் கதை எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஹெயிட்டியப் பத்தித்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னது எதுவும் படத்துல இல்லையே. கடற்கரை இருக்கு, நகியா நடத்துற பள்ளிக்கூடம் இருக்கு, பையன் இருக்கான், பேரு இருக்கு. டூசான் யாருன்னு தெரியாதவன் அத அழகான பேருன்னு நெனைச்சுட்டுப் போயிருவான். நமோர் எரிக்கிறத கண்ணுக்கு முன்னாடி காட்டுனாங்க, ஹெயிட்டி எரிச்சத பேருக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. டிஸ்னி காசுல அவ்வளவுதான் முடியும்னா அதையும் ஒத்துக்கிறேன்.


நைட்மெயில்
8 பெப்ரவரி 2023

கோபமே இல்லை. டிஸ்னி காசு என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடும் இல்லை. 85 கோடி டொலர் வசூலித்த படம், அதில் எரிந்த தோட்டத்துக்கு யாருக்கும் பங்கு போயிருக்காது. இருந்தாலும் ஒரு பெயரைப் படித்து ஒரு பையன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான் என்றால் ஒளித்து வைத்தவன் மோசமான வேலைக்காரன் இல்லை.


கொமிக்ஸ்கிறுக்கன் (பண்டாரவளை)
8 பெப்ரவரி 2023

இதுக்கு நடுவுல ஷூரி பிளாக் பந்தர் சக்தி குடுக்குற மூலிகை குடிச்சுட்டு முன்னோர் உலகத்துல யாரப் பாத்தாங்கிறத எல்லாரும் மறந்துட்டீங்க. அம்மாவ பாக்கல, அண்ணன பாக்கல. முதல் படத்து வில்லன் கில்மொங்கர பாத்தா. பழிவாங்கப் போறியா இல்ல உங்க அண்ணன் மாதிரி பெருந்தன்மையா இருக்கப் போறியான்னு அவன்தான் கேக்குறான். என் பார்வைல நமோர மன்னிக்கிற முடிவு அங்கதான் ஆரம்பிக்குது. ஏழாம்நம்பர்மலை, நீங்க கில்மொங்கர் கட்சிதானே? உங்க ஆளுக்கு இவ்வளவு பெரிய எடம் குடுத்திருக்காங்க, அதையும் கணக்குல எழுதுங்க.


லிந்துலைக்காரி
8 பெப்ரவரி 2023

மன்னிக்கிறா சரி. அம்மாவ கொன்னவனையே மன்னிக்கிறது சின்ன விசயமா? ஆனா அவன் மண்டி போட்டதுக்கப்புறம்தான் மன்னிக்கிறா. முதல்ல அவன காய வச்சு, தண்ணி இல்லாம சுருண்டு விழ வச்சுட்டு. அதுவும் ராசாங்கம் பண்ற விதம்தான். அங்க எனக்கு ஷூரிய அவ்வளவு புடிக்கல, லெடிஷியா ரைட் நடிப்பு புடிச்சுது.


ராகலைரசிகை
13 மார்ச் 2023

காலையில ஒஸ்கார் பாத்தீங்களா? ஏஞ்சலா பசட்டுக்கு குடுக்கல. ஜேமி லீ கேர்ட்டிசுக்கு போயிருச்சு. பசட் மூஞ்சி அப்படியே கல்லு மாதிரி இருந்துச்சு, கைதட்டல. சரியாத்தான் செஞ்சாங்க, எதுக்கு சிரிக்கணும்?

உடுப்பு செஞ்ச ரூத் கார்ட்டருக்கு கெடைச்சுது, முதல் படத்துக்கும் அவங்கதான் வாங்குனாங்க. ரெண்டு ஒஸ்கார் வாங்குன முதல் கறுப்புப் பொம்பளை. மேடையில ஏறி, அம்மா இந்தக் கெழமைதான் செத்தாங்க, 101 வயசுன்னு சொல்லி, போஸ்மன்கிட்ட எங்கம்மாவ பாத்துக்கோன்னு சொன்னாங்க. சோத்த வடிக்க மறந்துட்டு நின்னுட்டேன், குழைஞ்சிருச்சு.


கொழும்பு13
13 மார்ச் 2023

அக்கா, உடுப்புக்கு குடுத்தது நியாயம். அந்த இருட்டுலயும் உடுப்பு மட்டும் தெரிஞ்சுது.


தப்புக்காரன்பேரன்
14 ஓகஸ்ட் 2023

பழைய இழைய தோண்டி எடுக்குறேன். தலைமன்னார்லேர்ந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்கல்ல, நம்ம சனம் இங்க வந்து 200 வருசம்னு நடந்த மலையகம் 200, நம்ம பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த அதே பாதையில. 12ஆம் தேதி மாத்தளையில முடிஞ்சப்ப நானும் தப்ப தூக்கிட்டுப் போயிருந்தேன். சாதி பேரு சொல்லி ஒதுக்கி வச்ச கொட்டு, அன்னிக்கு நடுரோட்டுல எல்லாரும் சுத்தி நின்னு ஆடுனாங்க.

இத இங்க எழுதக் காரணம், நமோர் தன் சனத்தோட கதைய கொகைச் செவுத்துல வரஞ்சு வச்சு ஷூரிக்கு காட்டுவான்ல? அந்தக் காட்சிய நான் முதல்ல கணக்கெடுக்கவே இல்ல, சும்மா அலங்காரம்னு ஓட்டிவிட்டுட்டேன். எழுதி வைக்க ஆளில்லாதவன் வரைஞ்சாவது வைக்கணும். கடைசிக் காட்சி இருக்கிற கொப்பியும் ஒருத்தன்கிட்ட வாங்கிட்டேன். அந்தப் பையன் நல்லாத்தான் இருக்கான். ஆனா இன்னும் சொல்றேன், வேற ஆளப் போட்டிருக்கணும்.


ராகலைரசிகை
14 ஓகஸ்ட் 2023

நீங்க மாறமாட்டீங்க.


கொமிக்ஸ்கிறுக்கன் (பண்டாரவளை)
27 மார்ச் 2025

எந்திரிங்க எல்லாரும்! அடுத்த அவெஞ்சர்ஸ் படம் டூம்ஸ்டேக்கு நடிகர் பட்டியல் விட்டாங்க. ஒவ்வொரு கதிரையா காட்டிக் காட்டி மணிக்கணக்கா இழுத்தாங்க. லெடிஷியா ரைட் இருக்கா, வின்ஸ்டன் டியூக் இருக்காரு, டெனோச் வேர்ட்டா இருக்காரு! நமோர் திரும்பி வர்றான். 2026 மே.


ஏழாம்நம்பர்மலை
27 மார்ச் 2025

நமோர் எந்தப் பக்கம் நிக்கப் போறான்னு தெரிஞ்சா சொல்லுங்க. இந்தத் தடவையும் கடல்சனம் செத்து அமெரிக்காக்காரன் பொழைச்சா நான் இங்க எழுதுறது இந்த இழைய விட நீளமா இருக்கும்.

ஐயா நைட்மெயில், நல்லா இருக்கீங்களா? கன காலமா காணலையே.


நைட்மெயில்
29 மார்ச் 2025

இருக்கிறேன் தம்பி. கண்ணில் சத்திரசிகிச்சை. இப்போது நன்றாகவே தெரிகிறது, கொழும்பு13 சொன்ன இருட்டுக் காட்சிகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.


கொழும்பு13
29 மார்ச் 2025

ஐயா, கண் டொக்டருக்கே அந்த சீன் தெரியாது. 😂


தப்புக்காரன்பேரன்
24 மே 2025

டூம்ஸ்டேய 2026 டிசம்பர் 18க்கு தள்ளிட்டாங்க. பரவால்ல, ஸ்கூல் லீவு நேரம். இந்தத் தடவை பென்ல பாக்குற வேலை இல்ல, தியேட்டர்தான், பேரு ஓடி முடிஞ்சு லைட்டு போடுற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல. ஹட்டன்ல நைட் மெயில் ஏறுனா விடியக்கால கோட்டையில எறங்கலாம். யாரு யாரு வர்றீங்க?


லிந்துலைக்காரி
24 மே 2025

தலவாக்கலையில ஏறுவேன். சீட்டுப் புடிச்சு வைங்க. ரொட்டியும் சம்பலும் என்னோடது.